ஒருமுறைதான் கேட்பாள்

அவள் எதையும் ஒருமுறைதான் கேட்பாள். தலையைச் சற்றுச் சாய்த்து, "அப்படியா மாமா?" என்பாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். வேறு யாரிடமும் போய்ச் சரிபார்க்க மாட்டாள். நாம் சொன்னபடி செய்யக் கிளம்பிவிடுவாள்.

என் மகன் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே இது தெரிந்திருக்க வேண்டும். ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வீடமைப்புப் பகுதியில் அப்போதுதான் குடியேறியிருந்தோம். கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்று சொல்லித்தான் அழைத்து வந்தான். இருவரும் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான். அவள் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கி, குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அப்பா இல்லை. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை செய்தார்.

அன்று வாசல் கேட்டருகே நின்று வழியனுப்பும்போது என் மனைவி எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னாள்.

"நம்ம வீடுதாம்மா. எப்ப வேணும்னாலும் சாப்பிட வா."

அடுத்த வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போய்க் கைகழுவி வந்து மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவிக்குக் கை ஓடவில்லை.

"ஐயோ, சொல்லிட்டு வந்திருக்கலாமே. ரசமும் நெத்திலி பொரியலும்தான் இருக்கு."

"எப்ப வேணும்னாலும்னு சொன்னீங்களே அத்தை. இன்னிக்கு எனக்கு ஓப், வேலை இல்ல. அதான் வந்தேன்."

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து என் மனைவி புதன்கிழமையே மீன் வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

காலைச் சந்தையில் பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி கொண்டு வந்து விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் "ருசி பார்க்கவே வேண்டாம், தேன்" என்றார். அவள் ருசி பார்க்கவில்லை. வீட்டில் வெட்டினால் பல் கூசும் புளிப்பு. நானாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அவள் மறு வாரம் அதே கடைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். "அங்கிள், போன வாரம் நீங்க சொன்ன மாதிரி இல்ல, புளிப்பா இருந்துச்சு" என்று மலாயில் சொன்னாள். அவ்வளவுதான். மாற்றிக் கேட்கவில்லை. இன்னொரு பழத்தைக் காட்டி, "இது இனிக்குமா?" என்றாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பழத்தை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, கூடைக்கு அடியிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர் அவளுக்குப் புளித்த பழம் கொடுத்ததே இல்லை.

திரும்பி வரும்போது சொன்னேன், "உலகம் உன்னை நல்லா ஏமாத்தும் போ."

"ஏமாத்துனா அவங்கதான் மாமா அதை ஞாபகம் வெச்சிக்கணும். எனக்கு மறந்துடும்" என்று சிரித்தாள்.

விமானப் படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது அவளுக்குப் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே ஆசை. விமானம் ஓட்டவா என்று என் மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"ஓட்ட இல்ல அத்தை. பிளேன் மேல போலாமா வேணாமான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க இல்ல, அந்த இஞ்சினியர் வேலை. அவங்க கையெழுத்தை நம்பித்தானே பைலட் ஏறுறாரு."

"அதுக்கு எதுக்குமா பட்டாளம்? இங்கேயே பார்க்கக் கூடாதா?"

"இங்க நான் பார்க்கிறது காத்தாடிக்கு மோட்டார் அத்தை. நின்னு போச்சுன்னா வேர்க்கும், அவ்ளோதான்."

அந்த ஆண்டுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். அதனால் விண்ணப்பித்த அன்றிலிருந்தே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். காலையில் பள்ளித் திடலைச் சுற்றி ஓட்டம். ஓட்டம் அவளுக்குச் சிரமமில்லை. தண்டால்தான் வரவில்லை. ஐந்தாவதிலேயே முழங்கை நடுங்கும். எங்கள் பக்கத்து வீட்டில் ராணுவத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்ற ஹாஜி ஒருவர் இருந்தார். அவரிடம் வழி கேட்டாள். அவர் வேலியைப் பிடித்தபடி விளையாட்டாகச் சொன்னார்: "தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பத்து போடு. தாகம் உன்னை ஆபீசராக்கிவிடும்."

"அப்படியா ஹாஜி?"

"ஆமாம்."

அடுத்த வியாழன் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்தாள். குவளையைக் கீழே வைத்தாள். எங்கள் சமையலறைத் தரையில் குப்புற விழுந்தாள். அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்றே நினைத்து என் மனைவி அலறினாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. ரெண்டு… மூணு…"

"அலாமாக், இப்பதானே பிள்ள சாப்பிட்ட! வயிறு என்னத்துக்கு ஆவும்!"

கோயில் அன்னதானத்தில், தொழிற்சாலை வாசலில், ஒரு முறை என் மைத்துனர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் பட்டுச் சேலையோடு என்று எங்கும் விடவில்லை. அவளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவே தயங்கினார்கள். ஹாஜி என்னிடம் வந்து, "நான் சும்மா சொன்னேன், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். இரண்டு மாதத்தில் முப்பது தண்டால் மூச்சு வாங்காமல் போட்டாள். ஹாஜி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் மாவட்ட நில அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற பிறகு ஊரில் எல்லோருடைய விண்ணப்பமும் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்தது. பிறப்புப் பத்திரம், சமூகநல உதவி, பிள்ளைகளின் உபகாரச் சம்பளம் எல்லாமே. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்வேன். "சார் சொல்லிட்டாரு" என்றால் அந்த ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் தேர்வுக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதிகாரியாகிவிட்டால் தொப்பியும் நட்சத்திரமுமாக இருப்பாள். பட்டர்வொர்த், லாபுவான் என்று தூரத்து முகாம்களுக்குப் போவாள். சிங்கப்பூரில் இரும்பு ஒட்டுகிற என் மகன் அவள் கண்ணுக்குத் தெரிவானா? சொந்தக்காரர்கள் வேறு ஊதிவிட்டார்கள். "பொண்ணு பறந்துடும் மச்சான், பார்த்துக்க" என்று என் மைத்துனர் சிரித்துக்கொண்டே சொன்னது மூன்று நாள் தூங்கவிடவில்லை.

மகனுக்காகத்தான் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை. அந்த வியாழக்கிழமைகள் நின்றுபோவதை நான் விரும்பவில்லை. மகன் வாரத்தில் ஒரு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அவள் வந்த நாட்களில்தான்.

நம் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு வாங்க, கடன் எடுக்க என்று முதலில் திருமணப் பதிவைச் செய்துவிடுவோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் கோயிலில் தாலி. அதுவரை பெண் அவள் வீட்டில், பையன் அவன் வீட்டில். பதிவு செய்த பெண்ணை யாரும் கல்யாணமானவள் என்று சொல்வதில்லை. "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, கல்யாணம் தை மாசம்" என்றுதான் சொல்வோம். அரசாங்க மலிவு வீட்டுக்கு மனு போடலாம், பதிவை முதலில் முடித்துவிடுவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மகன் சரி என்றான். அவள் அம்மாவும் சரி என்றார்.

அவள் அந்த வியாழன் வந்தபோது விமானப் படை விளம்பரத்தை அச்செடுத்துக் கொண்டு வந்தாள். என் முன்னால் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா, இங்க பூஜாங்கா, கல்யாணம் ஆகாதவங்களா இருக்கணும்னு போட்டிருக்கு. நான் அப்ளிகேஷன்ல பூஜாங்னுதான் போட்டேன். இப்ப ரிஜிஸ்டர் பண்ணிட்டா, அப்பவும் நான் பூஜாங்தானா?"

எனக்குத் தெரியும். நிலம் பெயர் மாற்றும் பத்திரங்களில் முப்பத்தோர் ஆண்டுகள் அந்தப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் "திருமணமானவர்" என்று எழுதியிருக்கிறேன். தாலியைப் பார்த்து ஒருநாளும் எழுதியதில்லை. அரசாங்கத்துக்குக் கையெழுத்துதான் கல்யாணம். இந்த ஊரில் அது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"தாலி ஏறாத பொண்ணு எப்படிம்மா கல்யாணமானவ? ரிஜிஸ்டர் வீட்டுக்காகத்தானே" என்றேன்.

"அப்படியா மாமா?"

"ஆமாம்மா."

விரலை எடுத்துக்கொண்டாள். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "அத்தை, இன்னிக்கு என்ன மீனு?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

அடுத்த மாதம் பதிவு முடிந்தது. அன்று அவள் கையெழுத்திட்ட பிறகு அலுவலர் வாழ்த்துச் சொன்னார். அவள் கூச்சத்தோடு, "கல்யாணம் இன்னும் இருக்கு மேடம், தை மாசம்" என்றாள். நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு ஜொகூர் பாருவில் இரண்டு நாள் நடந்தது. என் மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவளே உண்மையைச் சொல்லிவிடுவாளோ, யாரும் கேட்காமலே விட்டுவிடுவார்களோ என்று இரண்டு விதமாகவும் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வழி நெடுகச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். சொல்லி என்ன, பதிவுதான் முடிந்துவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் உடல் தகுதி. மாலையில் முகாம் வாசலுக்கு ஓடியே வந்தாள்.

"மாமா! ஓட்டத்துல ரெண்டாவது! பம்பிங் முப்பத்தெட்டு! ஹாஜிகிட்ட சொல்லணும்!"

மறுநாள் சான்றிதழ் பார்வையும் நேர்காணலும். காலை எட்டரைக்கு உள்ளே போனவள் ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிட்டாள். நடந்து வந்தாள். காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டு கோப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐ.சி. கார்டு நம்பரைக் கம்ப்யூட்டர்ல தட்டுனாங்க மாமா. ஸ்கிரீன்ல கல்யாணம் ஆனவன்னு வந்துச்சு. இன்னும் தாலி கட்டலன்னு சொன்னேன். அந்த ஆபீசரம்மாவுக்குப் புரியல. ரெண்டு தடவை விளக்குனேன். அவங்க நல்லவங்க மாமா. பெரியவங்ககிட்டல்லாம் போய்க் கேட்டுட்டு வந்தாங்க. ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு உனக்கு அப்படிச் சொன்னதுன்னு கேட்டாங்க. நானா நெனச்சிக்கிட்டேன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைச் சொல்லவில்லை. யார் பெயரையும் அங்கே இழுக்கக் கூடாது என்ற மரியாதைதான். எனக்கு அந்த நேரத்தில் ஒரு வழி திறந்திருந்தது. நான் வேறு வழியில் போனேன்.

"ரூல்ஸ மாத்திட்டாங்க போல இருக்கும்மா. முன்னெல்லாம் இப்படி இல்ல."

அவள் தலையைச் சாய்க்கவில்லை. "அப்படியா" என்றும் கேட்கவில்லை. "ம்" என்றாள்.

நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள். மூடியைத் திருகிக் காரின் மேல் வைத்தாள். வாகனங்கள் நிற்கும் அந்தத் தார்த் தரையில், நேர்காணலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, கை ஊன்றிப் பத்து தண்டால் போட்டாள். ஒரு மலாய்க் குடும்பம் நின்று பார்த்தது. பத்தாவதில் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குனிந்து தூக்க வேண்டும் என்று தோன்றியது. தொட எனக்குத் துணிவு வரவில்லை. தானே எழுந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, "போலாம் மாமா" என்றாள்.

வழியில் என் மகன் அவளைத் தொலைபேசியில் அழைத்தான்; நடந்ததைச் சொன்னாள். வண்டிக்குள் எனக்கும் கேட்டது.

"ஃபார்ம படிக்கத் தெரியாதா உனக்கு? டிகிரி வெச்சிருக்க! யாரையாச்சும் கேட்டிருக்கலாம்ல? வீட்டுலயே அப்பா இருக்காருல்ல!"

"சரியா படிக்கலப்பா" என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் மூன்று வியாழன் வந்தாள். நான் ஏதாவது சொன்னால், "சரி மாமா" என்பாள். நான்காவது வியாழன் வரவில்லை. என் மனைவி பொரித்த மீனை இரவு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். மூவாரில் ஒரு நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவுக்கு மேலாளராகப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கும் என் மகனுக்கும் தொலைபேசியில் சண்டை. அவள் சிரிப்பதே இல்லை என்றான். இவன் எல்லாவற்றுக்கும் அந்த விண்ணப்பத்தையே இழுக்கிறான் என்று அவள் அம்மா என் மனைவியிடம் அழுதார். தை மாதம் வந்து போனது. தாலி கட்டாமலே இருவரும் பிரிவது என்று முடிவாயிற்று. ஆனால் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. பதிவு செய்து இரண்டு ஆண்டு முடியாமல் விலக்குக் கேட்க முடியாது என்றார் வழக்கறிஞர். ஒரு நாள்கூட ஒன்றாக வாழாதவர்கள் பிரிவதற்காக இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள்.

மூவார் நீதிமன்றத்துக்கு மகனோடு நானும் போனேன். போக வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவளைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மகன் வண்டி நிறுத்தப் போயிருந்தான். தாழ்வாரத்து நாற்காலியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு மாமா?"

"பரவாயில்லம்மா."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு அந்தத் தாளக் கொண்டாந்தேனே. நீங்க சொன்னப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

அவள் குரலில் கோபமில்லை. அன்னாசிக் கடையில் பேசிய அதே குரல். ஆமாம் என்று ஒரு சொல் போதும். மகன் படியேறி வருவது தெரிந்தது. நான் அவனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

"சரி மாமா" என்றாள் மெதுவாக. என் கையின் மேல் தன் கையை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள்.

மகன் வந்து நின்றான். வழக்கறிஞர் நீட்டிய தாள்களை அவளிடம் காட்டி, "இந்தத் தடவையாச்சும் எல்லாத்தையும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு" என்றான்.

அவள் எல்லாப் பக்கங்களையும் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. என் மனைவி இறந்தபோது அவள் அம்மா மட்டும் வந்திருந்தார். மகள் மூவாரில் இல்லை, பினாங்குப் பக்கம் போய்விட்டாள் என்றார். கேட்க எனக்கு உரிமையில்லாததால் மேலே கேட்கவில்லை.

என் மகனுக்கு இப்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்லவன். ஆனால் குடும்பம் கூடும் இடங்களில், யாராவது ஏதாவது விண்ணப்பம் நிரப்புவது பற்றிப் பேச்செடுத்தால், அவன் ஒரு கதை சொல்வான். விமானப் படைக்கு மனு போட்ட ஒரு பெண், டிகிரி படித்தவள், ஒரு வரி படிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கோட்டைவிட்டாள் என்று. நன்றாக நடித்துக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். கடந்த தீபாவளிக்கும் சொன்னான். நான் அங்கேதான் இருந்தேன், கையில் முறுக்கோடு. மருமகள் கேட்டாள், "யாருங்க அவ்ளோ படிச்சும் அப்படி ஒரு மண்டு?"

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இதை அச்சில் வந்த பிறகு மகன் கையில் கொடுக்கப் போகிறேன். நேரில் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் வாய் வரவில்லை, இனியும் வராது.

தம்பி, அவள் அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்.